வழியில் நான் வைத்த நான்கு கல்லடுக்குகள்

மச்சான்,

இன்று காலை துணி துவைக்கிற கல்லில் உன் ஷூவைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். வலது காலிலிருந்து ஒரு சிட்டிகை சிவப்பு மண் கொட்டியது. நம் ஊர் குந்தாரப்பள்ளியிலும் செம்மண் உண்டுதான். இது அந்த மண் இல்லை. மாவு மாதிரி நைசாக, மிளகாய்ப் பொடியில் மஞ்சள் கலந்த நிறம். ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது, எத்தனையோ தடவை கழுவியாகிவிட்டது. இன்னும் எந்த மூலையிலோ ஒளிந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறதா என்று வீட்டுக்காரி கேட்டாள். ஷூவுக்குள் எறும்பு என்று சொல்லிவைத்தேன். உண்மையை உன்னிடம்தான் சொல்ல முடியும். இப்போது நீ ஒருவன்தான் யாரிடமும் சொல்ல மாட்டாய். இருந்திருந்தால் மத்தியானத்துக்குள் கேன்டீன் முழுக்கப் பரப்பியிருப்பாய்.

இந்த ஷூ உன்னுடையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூ கம்பெனி கொடுக்குமே, உன் பங்கு நீ போன பிறகு வந்தது. உன் வீட்டுக்காரம்மா பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தது. "அண்ணா, ரெண்டு பேருக்கும் சைஸ் ஒண்ணுதானே, நீங்க போட்டுக்குங்க. இது இங்க இருந்துச்சுன்னா நான் பாத்துப் பாத்து அழுதுட்டிருப்பேன்" என்றது. நானும் வாங்கி வந்து பரண்மேல் வைத்துவிட்டேன். போட மனசு வரவில்லை. போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். என் மகள், நம் பாப்பா, அமெரிக்காவுக்கு வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினாள். அப்போதுதான் இறக்கினேன். பெங்களூர் விமான நிலையத்தில் அந்தச் சோதனை வாசலுக்குள் நுழைந்ததும் உன் ஷூ கத்தியது. உள்ளே இரும்புத் தொப்பி இருக்கிறதே. கழற்றச் சொன்னார்கள். உலகம் சுற்றப் போகிற பெரிய மனுஷன், பெருவிரல் எட்டிப் பார்க்கிற சாக்ஸோடு நின்றேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பாப்பாவே வண்டி ஓட்டி எங்கள் இருவரையும் ஒரு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். பூங்கா என்றதும் பூ இருக்கும், சிமென்ட் பெஞ்ச் இருக்கும், பொரி விற்பான் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். பத்தாவதை இரண்டு தடவை எழுதினவனுக்கு வேறென்ன தோன்றும்? மூன்று மணி நேரம் ஓட்டியும் ஒரு மரம் இல்லை. பாலைவனம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். தரை இருந்தது. அப்புறம் இல்லை. நம் கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து, அடியில் ஒரு ஆற்றைப் பச்சை நூல் மாதிரிப் போட்டுவைத்தால் எப்படி இருக்கும்? அதற்கும் மேலே. நம்மூரில் மலை ஏறினால்தான் பயம். அங்கே சமதரையில் நிற்கும்போதே பயம் காலடிக்குக் கீழே வாயைப் பிளந்து கிடக்கிறது.

பாப்பா செல்லைப் பார்த்து, இந்தப் பூங்காவில் நடப்பதற்குச் சிறந்த பாதைகள் மூன்று என்று வாசித்தாள். இதில் எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் வேறு. நம் க்வாலிட்டி டிபார்ட்மென்ட் அங்கேயும் போய்விட்டது. மூன்றிலும் நான் நடந்தேன் மச்சான். வரிசையாகச் சொல்கிறேன். நீயாக இருந்தால் எதை முதலில் வைப்பாய் என்று யோசித்துக்கொண்டே இரு.

முதலாவது எளிது. பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிச் சமதரையில் போகிற வழி. பார்க்க நிற்கும் இடங்களில் மட்டும் கம்பித் தடுப்பு. என் வீட்டுக்காரியே முட்டிவலியோடு அரை மைல் நடந்தாள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனாள். நான் கம்பியைப் பிடித்தவன் விடவில்லை. கம்பி முடிந்த இடத்தில் பாப்பாவின் தோள்பையின் வாரைப் பிடித்தேன். "அப்பா, மாடு புடிச்சிட்டுப் போற மாதிரி இருக்குது, உடுங்க" என்றாள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடுதான் பயந்து பார்த்திருக்கிறேன், பிடித்துப் போகிறவன் பயந்து பார்த்ததில்லை.

இரண்டாவது நடுத்தரம். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. கையை இரண்டு பக்கமும் நீட்டினால் சுவர் தட்டும். மேலே வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரியும். வெயில் சுவரில் பட்டு, பட்ட இடமெல்லாம் பழுக்கக் காய்ச்சிய இரும்பாய்த் தெரிந்தது. அழகு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நுழைகிற இடத்தில் ஒரு பலகை. எங்கோ தூரத்தில் மழை பெய்தாலும் இங்கே திடீரென வெள்ளம் வரும் என்று பாப்பா படித்துச் சொன்னாள். அதன் பிறகு நான் எங்கே பாறையைப் பார்த்தேன்? முழுவதும் அண்ணாந்து மேகத்தைத் தேடியபடியே நடந்தேன். சுவரில் மூன்று இடத்தில் நெற்றி இடித்தது.

மூன்றாவதுதான் கடினம். அதுதான் இருப்பதிலேயே சிறந்தது என்று செல் சொன்னதாம்.

மறுநாள் காலை. வீட்டுக்காரி முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டு அறையிலேயே இருந்துவிட்டாள். நானும் பாப்பாவும் மட்டும். என் தோளில் ஈரோட்டுத் துண்டு. அதை வண்டியிலேயே வைக்கச் சொன்னாள், மாட்டேன் என்றேன். இந்தப் பாதையில் பாதை என்றே ஒன்று கிடையாது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் வழுவழுப்பான பாறை, அலை அலையாக. அதன்மேல் பாப்பா முன்னால் போனாள், நான் அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். அப்போதுதான் கவனித்தேன், ஐம்பது அடிக்கு ஒன்று, அறுபது அடிக்கு ஒன்று, மூன்று நான்கு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள்.

பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது எனக்கு. உனக்கு ஞாபகம் இருக்கும். நாட்றாம்பாளையத்தில் உன் அண்ணன் கேழ்வரகுக் காட்டுக்கு என்னைக் கூட்டிப் போனாயே. வழியில் யானை லத்தி. நீ குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்த்து, இன்னும் சூடு இருக்கிறது என்றாய், தோசையைச் சொல்கிற மாதிரி. நான் உன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். "பயந்தவன் முன்னாடியும் போவக் கூடாது, பின்னாடியும் வரக் கூடாது. நடுவுல நட" என்றாய். இருப்பதே இரண்டு பேர், இதில் நடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அதான் உன் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு நடந்தாய். அன்றைக்கு மேலே சாமிப் பாறையில் எத்தனை கல்லடுக்குகள்! வீடு கட்ட வேண்டிக்கொண்டு ஜனங்கள் அடுக்கியவை. நானும் அடுக்கினேன். மூன்று தடவை சரிந்தது. நான்காம் தடவை நின்றது. நீ ஏன் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, எனக்குத்தான் மாமியார் வீடு இருக்கிறதே என்றாய். அடுத்த வருஷமே என் வீட்டுக்குக் கடைக்கால் போட்டேன். உனக்கும் தெரியும்.

ஆகவே அந்தப் பாலைவனத்தில் கல்லடுக்குகளைப் பார்த்ததும் என் மனசில் பட்டது இதுதான்: இந்த ஊரிலும் வாடகை வீட்டுக்காரர்கள் ரொம்பப் பேர் போலிருக்கிறது, பாவம். பாப்பாவிடம் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை யாராவது கேட்பார்களா? எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அவளும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் நடந்த பிறகு ஒரு குட்டை மரம் வந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாறைச் சுவரை ஒட்டி ஒரு திட்டு. அகலம் நம் கம்பெனி பஸ்ஸின் நடைவழி அளவு. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் ஒன்றுமே இல்லை மச்சான், காற்றுதான். அதில் நூறு தப்படி போனால் கடைசியில் பெரிய காட்சி இருக்கிறதாம். நான் இரண்டு தப்படி வைத்தேன். கால் மூன்றாவதற்கு வரமாட்டேன் என்றது. உன் ஷூவும் சேர்ந்து பயந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன்.

"நீ போய்ட்டு வா பாப்பா. நான் மரத்தடியில உக்காந்துக்கறேன்."

ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலையும் கடலை மிட்டாயையும் கொடுத்து, எங்கேயும் போகக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டு நடந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் திட்டில் இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. திட்டு தொடங்குகிற இடத்துக்குச் சற்று வலதுபுறம் தட்டையான கற்கள் நிறையக் கிடந்தன. பாப்பா கல்யாணமாகி ஐந்து வருஷமாக வாடகை அபார்ட்மென்டில் இருக்கிறாள். முதல் அடுக்கு அவள் வீட்டுக்கு. சரியவே இல்லை, முதல் தடவையிலேயே நின்றது. சந்தோஷமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி, அவளுக்கு ஒரு குழந்தைக்காக இரண்டாவது. கல் எடுக்க எடுக்கப் பாறை கீழ்நோக்கிச் சரிந்தது, நானும் கல் கிடைத்த பக்கமே போனேன். வீட்டுக்காரி முட்டிக்கு மூன்றாவது. கடைசியாக உனக்கு ஒன்று. இடுப்பு உயரம். அங்கே அதுவரை இருந்த எந்த அடுக்கையும்விடப் பெரியது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கிற ஆளா நான்? திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பாறை மேடு இருந்ததால் என் அடுக்குகளும் தெரியவில்லை, திட்டும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. வரவில்லை. சின்ன வயசு, போட்டோ எடுப்பாள் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம். செல்லில் சிக்னல் கம்பி ஒன்றுகூட இல்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கேயும் போகக் கூடாது என்று சொன்னாளே என்றும் தோன்றியது. உண்மையைச் சொன்னால் பயம். அந்தப் பக்கம் போனால் என்னத்தைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயம்.

இந்த மாதிரி ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். நமக்கு முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் கிளம்புகிற பஸ். ஜன்னலோரம் நீ. சூளகிரி தாண்டும்போது உன் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறான், பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் நின்ற உடம்பு, தூங்கட்டும் என்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் ஒருவன் சத்தமாகப் பேசினான், மெதுவாகப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினேன். குந்தாரப்பள்ளி வந்ததும், "எழுந்திரு, மாமியார் வீடு வந்துருச்சு" என்றேன். நீ எழுந்திருக்கவில்லை. சூளகிரியிலேயே எழுப்பியிருந்தால் பஸ் நின்றிருக்கும். அந்த ரோட்டிலேயே ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர், எழுப்பியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். அவர் யாருக்கும் அதைத்தான் சொல்வார். யானைக்குப் பயப்படாதவன், என் தோளில் சாய்ந்து, நான் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே போய்விட்டாய்.

மரத்தடியில் அது முழுவதும் திரும்ப வந்தது. எழுந்தேன். அப்போது பாறை மேட்டின் மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. வயசான வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். வேர்த்து, மூச்சு வாங்க வந்தார்கள். அவர் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான், வழி. அந்த அம்மா திரும்பிக் கையால் அடுக்கு மாதிரி காட்டி, அப்படியே சரிவைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டியது. அந்த அடுக்குகளைப் பார்த்து நடந்து தப்பான இடத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள்.

நம் ஷாப் ஃப்ளோரில் மஞ்சள் கோடு இருக்குமே மச்சான், அதற்குள்தான் நடக்கணும், வெளியே கால் வைத்தால் ஃபோர்க்லிஃப்ட் அடித்துவிடும் என்று. அந்தப் பாறையில் அடுக்குகள்தான் மஞ்சள் கோடு. வேண்டுதலும் இல்லை, வாடகை வீடும் இல்லை. வழி காட்ட வைத்தவை. நான் போய் நான்கு மஞ்சள் கோடு போட்டு, ஒன்றுமில்லாத பக்கத்துக்கு ஜனங்களை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செல்லில் பாப்பாவின் போட்டோவைக் காட்டினேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. பார்த்தோம், எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள் என்று விரலால் காட்டியது. எங்களுக்கு முன்னால். அப்படியென்றால் மரத்தடிக்கு வராமல் எங்கே போனாள்?

 கையைக் காட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன். பெரியவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக என்று சைகை செய்து, தான் முன்னால் போனார். அந்த அம்மா எனக்குப் பின்னால் வந்தது. நான் நடுவில். அந்த நேரத்திலும் உன் குரல் கேட்டது. கிடைத்துவிட்டதடா உனக்கு நடு என்று சிரித்தாய்.

முதல் அடுக்கு, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதையும் தாண்டி, அந்தத் தம்பதி திரும்பிய இடத்துக்கும் அப்பால் பாறை செங்குத்தாக இறங்கியது. "பாப்பா" என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"அப்பா, கிட்ட வராதீங்க. வழுக்குது."

உயிர் வந்தது. வந்த உயிர், படுத்து எட்டிப் பார்த்ததும் மறுபடி போனது. ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமான ஆழத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு விளிம்பு, அதில் அவள். திட்டிலிருந்து திரும்பியவள், மேடு மரத்தை மறைத்ததால் அடுக்குகளை நம்பி இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறாள். வழுக்கி விழுந்ததில் ஒரு முழங்கை சிராய்ந்து ரத்தம். ஏறப் பிடிமானம் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. காற்று அந்தப் பக்கம் போனதால் எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கீழே அந்தப் பச்சை நூல். விளிம்பின் மண் அவள் காலடியில் பொடிப் பொடியாய் உதிர்ந்து, எங்கே விழுகிறது என்றே தெரியாமல், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

குப்புறப் படுத்தேன். துண்டை முறுக்கி ஒரு நுனியை மணிக்கட்டில் சுற்றிக் கீழே விட்டேன். அவள் கைக்கு எட்டவில்லை. இன்னும் முன்னால் போனேன், நெஞ்சு வரை வெளியே தொங்கியது. பின்னாலிருந்து பெரியவர் உட்கார்ந்து காலை ஊன்றி, என் இரண்டு பாதங்களையும் இறுகப் பிடித்தார். அவர் இடுப்பை அந்த அம்மா பிடித்தது. துண்டு பாப்பா கைக்கு எட்டியது. அவள் பாறையில் கால் வைத்து ஏற ஏற நான் முன்னால் இழுபட்டேன். கண்ணை மூட முடியாது, அவளைப் பார்க்க வேண்டும். அத்தனை ஆழத்தையும் பார்த்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். கால் பக்கம் மட்டும் பிடி விடவில்லை. அவர் பிடித்துக்கொண்டிருந்தது என் காலை என்று அவர் நினைத்திருப்பார். பிடித்தது உன் ஷூவை. கணுக்கால் வரை கயிறு இறுக்கிக் கட்டிய, இரும்பு மூக்கு வைத்த உன் ஷூவை. பாப்பா வாங்கிக் கொடுத்த மெல்லிய ஷூவாக இருந்தால் அவர் கையோடு கழன்று போயிருக்கும்.

மேலே வந்து விழுந்தவளைக் கட்டிக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை. நால்வரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக் கிடந்தோம். தண்ணீர் குடித்தோம். திரும்பி நடக்கும்போது பெரியவர் மூன்றாவது அடுக்கைக் காலால் தள்ளிச் சரித்தார். அடுத்து வருகிறவர்கள் ஏமாறக் கூடாதே. இரண்டாவதையும் முதலாவதையும் அப்படியே. உன்னுடையது மட்டும் அவர் காலுக்கு அசையாமல் பின்னால் நின்றது.

"எந்தப் பைத்தியக்காரன் இதையெல்லாம் வெச்சான்னு தெரியல" என்றாள் பாப்பா.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இன்னொரு ரகசியத்தையும் தோளில் சுமந்துகொண்டு அசையாமல் உட்கார என்னால் ஆகாது.

"நான்தான் பாப்பா வெச்சேன்."

நின்றுவிட்டாள். எதற்கு என்று கேட்டாள். வீட்டுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, அம்மா முட்டிக்கு ஒன்று என்றேன். சரிந்து கிடந்த கற்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது?" என்று பின்னால் காட்டினாள்.

"மாமாவுக்கு."

"செத்துப்போனவருக்கு என்னப்பா வேண்டிக்குவாங்க?"

"வேண்டல. பஸ்ல அவன எழுப்பாம உட்டுட்டேன் பாப்பா. அதுக்கு."

அவளுக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியாது. அந்த டாக்டரைத் தவிர ஒருவரிடம் அந்தப் பாலைவனத்தில்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.  பாப்பா அந்தத் தம்பதியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அந்த அம்மா திரும்பிப் போய் உன் அடுக்குக்கு முன்னால் மண்டியிட்டது. காலால் தள்ளவில்லை. மேலிருந்து ஒவ்வொரு கல்லாக இரண்டு கையாலும் எடுத்து, சத்தம் வராமல் பாறையில் பரப்பி வைத்தது. கடைசிக் கல்லை வைத்தபோது உதட்டுக்குள் ஏதோ சொன்னது. என்ன என்று நான் பாப்பாவைக் கேட்கவில்லை.

சிறந்த பாதை எது என்று கேட்டிருந்தேனே. மூன்றாவதுதான் மச்சான். அதில் சந்தேகமே இல்லை. இன்னொரு தடவை யாராவது கூப்பிட்டால், தள்ளுவண்டிக் குழந்தையோடு முதலாவதில் நடப்பேன்.

பயம் என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று யாராவது சொன்னால் அரை மணியில் எழுந்து தேடப் போகிறேன். திரும்பி வருகிற விமானத்தில் என் வீட்டுக்காரியை நான்கு தடவை எழுப்பி, ஒன்றுமில்லை, தூங்கு என்றேன். ஐந்தாம் தடவை அவள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள். போன வாரம் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் ஏதோ கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஆள், நீ போனபோது உனக்கு இருந்த வயசு இருக்கும். சூளகிரி தாண்டியதும் அவர் தலை மெல்ல என் தோளில் சாய்ந்தது. நல்ல தூக்கம்.  தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எந்த ஸ்டாப்புங்க உங்களுது?"

திடுக்கிட்டு எழுந்தார். கிருஷ்ணகிரி என்றார். கிருஷ்ணகிரிக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது, அதற்குள் ஏனய்யா எழுப்பினாய் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். குந்தாரப்பள்ளி வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். நானும் நன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.